முடியாது என்று சொன்ன ஒரு பாடவேளை

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். நீயும் இருமல் நின்று, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதைப் பற்றிய பேச்சுதான் குறையவில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை, பேனாவைத் தொட்டாலே பாடக்குறிப்பு எழுதிய ஞாபகம் வந்துவிடுகிறது, அதனால்தான் சின்னவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறேன். (முயற்சி செய்கிறேன் அக்கா.)

சின்னவளின் பள்ளியில் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனது உனக்குத் தெரியும். இந்தப் பருவம் முழுவதும் அவருடைய வகுப்புகள் எனக்கு வரும் என்று நம்பியிருந்தேன். அது பேராசை இல்லை, விதியே அப்படித்தான். மாற்று வகுப்பு என்றால் என்னைப் போல ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களை முதலில் கேட்க வேண்டும், அவர்கள் மறுத்தால்தான் முடிக்காதவர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு பருவம் விடாமல் எடுத்துவிட்டால், அடுத்துக் காலியாகும் நிரந்தர இடத்துக்கு நம் பெயரை அனுப்புவார்கள். இந்த வயதில் எனக்கு இன்னொரு வாய்ப்பு வராது. உதவித் தலைமையாசிரியரும் முறைப்படி என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். முதல் வாரம், காலை முதல் பாடவேளையும் மாலை கடைசிப் பாடவேளையும் கொடுத்தார். நடுவில் இருந்தவற்றைக் கேட்டதற்கு, "பாத்து சொல்றேன் டீச்சர்" என்றார். ஆசிரியர் அறையில் எங்களைப் போன்றவர்களுக்கு நாற்காலி கிடையாது, ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறையில் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதற்காவது அங்கே நிரந்தர இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம், ஒரு பாடவேளை பெரிய கட்டடத்தில், மணி அடித்ததும் அடுத்த பாடவேளை இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் சின்னக் கட்டடத்தில். "எப்படி சார், பறந்தா போறது?" என்று கேட்டேன். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, அதுல என்ன இருக்கு?" என்று தேன் ஒழுகச் சொன்னார். முடியாது என்றேன், அந்த ஒரு பாடவேளைக்குத்தான். மறுநாளிலிருந்து தொலைபேசி அடிக்கவில்லை. நேரில் போய்க் கேட்டால், ஒன்றை மறுத்தால் பருவம் முழுவதையும் மறுத்ததாகத்தான் அங்கே வைத்துக்கொள்வார்களாம். "பயிற்சி முடிச்சவங்களுக்குத்தானே சார் முதல்ல?" என்றேன். "முதல்ல உங்களைத்தானே கேட்டேன்?" என்றார். அத்தனை வகுப்புகளும் இப்போது ஒரே கட்டடத்தில், காலையிலேயே, இடைவெளி இல்லாமல், உன் வயதிருக்கும் ஒரு பெண்ணுக்குப் போய்விட்டன. பட்டம் இருக்கிறது, பயிற்சி பாதியில் நிற்கிறது, கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், வேறென்ன வேண்டும் அவர்களுக்கு. போகிற வகுப்பிலெல்லாம் குடையை மறந்து வைத்துவிட்டு வருவதால் பிள்ளைகள் அவளுக்குக் குடை டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (எங்கள் வகுப்புக்கும் அவர்தான். வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துப் பலகையில் எழுதிப் போடுவார். "இது ஏன் டீச்சர் இப்படி வருது?" என்று கேட்டேன். "அப்படித்தான்மா வரும்" என்றார். பிறகு மாடிப்படியில் என்னைத் தனியாக நிறுத்தி, "உங்கம்மா என்மேல கோவமா இருக்காங்களா?" என்று கேட்டார், கண் கலங்கியிருந்தது. நான் இல்லை என்றேன். அக்கா, அம்மா இப்போதும் காலையில் குளித்துக் கிளம்பி, பையும் சாப்பாட்டு டப்பாவுமாகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். பஸ் போன பிறகும் எழுந்திருப்பதில்லை. மதியம் அங்கேயே அந்த டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறாள்.)

இனி உன் விஷயம். அங்கே ஒரு பள்ளியில் உன்னை மாற்று வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், எல்லாம் காலை நேரம், இடைவெளியே இல்லை, பயிற்சியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி என்று சொன்னதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அப்பா சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவர், இடைவெளியே இல்லை என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன் மேல் கோபமில்லை கண்ணு. வரிசையாக வசதியாக உன் கைக்கு வந்த அந்த வகுப்புகள் அதற்கு முன் யாரிடம், எப்படித் துண்டு துண்டாகப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரிலும் ஒருத்தி முடியாது என்று சொல்லியிருப்பாள். அவளும் இந்நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் நீ போகாவிட்டால் அவளையா திரும்பக் கூப்பிடப் போகிறார்கள், உன்னைப் போல இன்னொருத்தியைத்தான் கூப்பிடுவார்கள். போ என்றும் முழு மனதாகச் சொல்ல வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு முதல் வேலை கிடைத்த சேதி கேட்டு எனக்குச் சிரிக்க வரவில்லை என்றால், இவர்கள் என்னை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் பார். பயிற்சியை முடி, முடி என்று உன்னை எவ்வளவு நச்சரித்திருப்பேன். இந்தத் தடவை அதைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. முடித்துவிட்டால் நீயும் முதலில் கேட்கப்படுகிறவர்களில் ஒருத்தியாகிவிடுவாய்.

சரி, போ. தொண்டையைப் பார்த்துக்கொள், வெந்நீர் குடி, முதல் நாளே கத்திப் பேசிவிடாதே. ஒரு பிள்ளை எழுந்து ஏன் என்று கேட்டால், தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல், அப்படித்தான் வரும் என்று மட்டும் சொல்லாதே. நோய்நொடி அண்டாமல், நாலு பேர் மதிக்க, நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் மட்டும் என் மனசில் எந்தக் கோணலும் இல்லை. அங்கே மழைக்காலம் என்று எழுதியிருந்தாய். வகுப்பை விட்டு வெளியே வரும்போது குடையை மறந்து வைத்துவிட்டு வராதே.

தொலைபேசிக்குப் பக்கத்திலிருந்து,
உன் அம்மா