என் தம்பி மனைவியின் குணம் பற்றி நான் சொன்னதும், தங்கள் பிரிவு எழுதிக்கொண்டதும்

அனுப்புநர்:
நோயாளியின் கணவருடைய அக்கா,
வாடகைக் கார் நிலையத்தில் தொலைபேசி அழைப்பு எடுப்பவர்.
(பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் தனியே இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
ஆராய்ச்சி நெறிமுறைக் குழு,
புற்றுநோய் மருத்துவமனை.

பொருள்: மார்பகப் புற்றுநோய்க்கான புதிய மருந்து ஆராய்ச்சியிலிருந்து என் தம்பி மனைவி "ஆளுமைக் கோளாறு இருக்கக்கூடும்" என்ற காரணத்தால் நீக்கப்பட்டது – அந்தக் கோளாறு என் வாயிலிருந்து வந்தது – அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். மனு எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். எங்கே தொடங்குவது என்று தெரியாததால் நோயிலிருந்தே தொடங்குகிறேன். என் தம்பி மனைவிக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, தங்கள் மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வருடம் நன்றாக இருந்தாள். இப்போது மீண்டும் வந்து எலும்பு வரை போயிருக்கிறது. (மரியாதை கருதி 'அவர்' என்றுதான் எழுத நினைத்தேன். எழுதினால் வேறு யாரைப் பற்றியோ எழுதுவதுபோல் இருக்கிறது. 'அவள்' என்று எழுதுவதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) பழைய மருந்துகள் இனி அவளுக்கு வேலை செய்யாது என்றும், தங்கள் ஆராய்ச்சியில் உள்ள புதிய மருந்து அவளுடைய வகைக்குப் பொருந்தும் என்றும் அவளைப் பார்க்கும் டாக்டர் சொன்னார். சேர்ந்தால் பிழைத்துவிடுவாள் என்று அவர் சொல்லவில்லை. சேராவிட்டால் கைவசம் வேறு நல்ல வழி இல்லை என்று மட்டும் சொன்னார்.

2. அந்த மருந்து ஆராய்ச்சியோடு சேர்த்து இன்னொரு ஆராய்ச்சியும் நடக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நோயாளிகளில் யாருக்கு ஆளுமைக் கோளாறு இருக்கிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அந்த இரண்டாவது ஆராய்ச்சி. மருந்துக்குச் சேரும் ஒவ்வொருவரையும், அவர் வீட்டில் ஒருவரையும் நேர்காணல் செய்வார்களாம். நோயாளியின் வீட்டார் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். என் தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். அன்றைக்கு எங்கோ ஒரு கட்டடத்தில் ஆள் சிக்கிக்கொண்டதால் அவனால் வர முடியவில்லை.

3. என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் வாடகைக் கார் நிலையத்தில் போன் எடுப்பவள். எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர் என்பதுதான் நாள் முழுதும். எதிராளி வாயைத் திறக்கும்போதே எனக்குப் பதில் தயாராகிவிடும். கேள்வி முடியும்வரை காத்திருந்தால் அடுத்த அழைப்பு போய்விடும். இந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டு. என் தம்பி மனைவி இதைப் பற்றி என்னிடம் பலமுறை சண்டை பிடித்திருக்கிறாள்.

4. நேர்காணல் நடந்தது மூன்றாம் மாடியில், பழைய சக்கர நாற்காலிகள் போட்டு வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில். வெளியே சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்ட ஆராய்ச்சியாளர் சின்ன வயதுப் பெண், மிகவும் பணிவானவர். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. அன்று காலையில் இருந்து ஸ்கேன் எடுத்தவர், ரத்தம் எடுத்தவர், நர்ஸ், அறை கூட்ட வந்த அம்மா என எல்லாரும் என்னிடம் "குணம் தெரியுதா" என்றே விசாரித்திருந்தார்கள். இந்தப் பெண்ணும், "அவங்க குணத்தைப் பத்தி உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

5. நான் சொன்ன பதில்களை மறைக்காமல் எழுதுகிறேன். "குணம் ஒண்ணும் தெரியலைங்க. நாளுக்கு நாள் மோசமாத்தான் போகுது. ஒரு நாள் நல்லா இருப்பா, மறுநாள் கிட்டப் போக முடியாது" என்றேன். எப்போதிருந்து என்று கேட்டார். "ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே இருந்திருக்கு, கல்யாணத்தப்ப எங்க யாருக்கும் தெரியாது" என்றேன். அவர்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றார். "அவங்க அம்மாவுக்கும் இதேதான், பெரியம்மாவுக்கும் இருந்தது. அந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கே இது உண்டு" என்றேன். வீட்டில் மற்றவர்களைப் பாதிக்கிறதா என்றதற்கு, வீட்டில் நிம்மதியே இல்லை, என் தம்பி பாதி ஆளாகிவிட்டான் என்றேன். சரிசெய்துகொள்ள அவர் முயல்கிறாரா என்றார். "அவ கையில என்னங்க இருக்கு. ஒரு வருஷம் ஒண்ணும் இல்லாம இருந்தா, போயிடுச்சுன்னு நெனச்சோம், திரும்ப வந்துடுச்சு" என்று சொல்லி அழுதும் விட்டேன். அவர் தண்ணீர் கொடுத்து, "புரியுதுங்க, இப்படி ஒருத்தரோட இருக்கறது கஷ்டம்தான்" என்றார். எவ்வளவு நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

6. பத்து நாளில் கடிதம் வந்தது. நிலையற்ற உணர்வுநிலை, நீண்ட காலமாக மறைந்திருந்தது, தாய்வழியில் காணப்படுவது, குடும்ப உறவுகளைப் பாதிப்பது, தற்காலிக முன்னேற்றத்துக்குப் பின் மீண்டும் தலைதூக்கியது என்றெல்லாம் அதில் இருந்தது. ஒழுங்காகச் சிகிச்சைக்கு வருவார் என்று நம்புவதற்கில்லை என்பதால் மருந்து ஆராய்ச்சியிலிருந்து நீக்கியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தவள் அவள்தான். இரண்டாவது முறை படித்தாள். பிறகு, "அண்ணி, அவங்க என்னைப் பத்திக் கேட்டிருக்காங்க. நீங்க என் கட்டியைப் பத்திச் சொல்லியிருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா, அந்தக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னதுதான். ஒரு வார்த்தைகூட அவளைப் பற்றியது இல்லை.

7. மறுநாளே ஓடிவந்து அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவரும் பதறிப்போனார். ஆனால் சொன்ன பதிலுக்கு என்ன அர்த்தம் என்று நோயாளியிடமோ உறவினரிடமோ திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால் நாமே பதிலை வாயில் ஊட்டியது போலாகும் என்பது ஆராய்ச்சி விதியாம். பதிவானதை அழிக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லையாம். வேண்டுமானால் இன்னொரு நேர்காணல் கொடுக்கலாம் என்றார். நோயாளியே எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றுதானே சொல்லியிருக்கிறாள், அதை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குத் தங்களிடம் அது இருப்பது பல நேரம் தெரியாது, அதனால்தான் உறவினர் சொல்வதற்கு எடை அதிகம் என்றார். உண்டு என்றாலும் உண்டு, இல்லை என்றாலும் உண்டு என்றால் நாங்கள் எதைச் சொல்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

8. அந்த இரண்டாவது நேர்காணலிலாவது வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வழியெல்லாம் யோசித்து வந்தேன். அவள் தங்கம் என்றேன். கோபமே வராது, யார் என்ன சொன்னாலும் சரி என்பாள், தனக்கென்று எதுவும் கேட்க மாட்டாள், நான் சொன்னால்தான் சாப்பிடுவாள் என்றேன். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. பதில்களைப் போட்டுக் கோளாறு பார்க்கும் அவர்கள் கணினி அதையும் ஏற்றுக்கொண்டு, பிறரையே சார்ந்து நிற்கும் வேறொரு கோளாறு இருக்கக்கூடும் என்று காட்டியது. அதோடு, முதலில் சொன்னதும் இப்போது சொன்னதும் ஒத்துப்போகாததால் தகவல் கொடுத்தவரின் மனநிலையையும் பரிசோதிக்க வேண்டும் என்று எனக்கே ஒரு சீட்டு கொடுத்தார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க அவளுக்கும் எனக்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் இடம் இருக்கிறது. மருந்து ஆராய்ச்சிக்கான சேர்க்கை இந்த மாதத்தோடு முடிகிறது.

9. ஆகவே இந்த முறை அவளை உள்ளபடி எழுதுகிறேன். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ஜன்னல் திரைச்சீலையின் நிறத்துக்காக ஒரு மழைக்காலம் முழுவதும் என்னோடு பேசாமல் இருந்தவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறாள். வாங்க வந்தவர் பரவாயில்லை என்று சொன்னாலும் இவள் விடமாட்டாள், பிடுங்கி வைத்துக்கொண்டு மறுபடி தேய்ப்பாள். இதனால் முதலாளியிடம் வாக்குவாதம் செய்து இரண்டு கடை மாறியிருக்கிறாள். மருந்து ஏற்றும் நாளில் நான் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தால், அவள் வாசலில் செருப்போடு நின்று என் தம்பியையும் என்னையும் காரோட்டியையும் சேர்த்துத் திட்டுவாள். ஒரு முறைகூடத் தவறியதில்லை, தாமதமாக வந்ததும் இல்லை. ஒழுங்காக வரமாட்டாள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து எங்கள் நிலையத்துக் காரோட்டிகளே சிரித்தார்கள்.

10. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது யாரையும் கிட்டச் சேர்க்கவில்லை. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டால் நான் வெளியே நின்று பாத்திரத்தைத் தட்டுவேன். கையைத் தூக்க முடியாமல் ஒரு நாள் அவளே கதவைத் திறந்து, "அண்ணி, முதுகு தேய்ச்சு விடுங்க" என்றாள். தேய்த்துவிட்டேன். பிறகு திரும்பி நின்று, "நல்லாப் பாத்துக்குங்க, அப்புறம் கேக்கக் கூடாது" என்றாள். அந்த இடத்தை அப்போதுதான் பார்த்தேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவளும் அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். இது எந்தக் கோளாறில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன் என்பதும் தெரியவில்லை.

11. ஆளுமைக் கோளாறு என்று ஒன்று உண்டு, அது வந்தவர்களும் துன்பப்படுகிறார்கள், அவர்களுக்குத் தேவை உதவிதான், பழி இல்லை என்று அந்த ஆராய்ச்சியாளர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் அதை மறுக்கவில்லை. அப்படியானால், உண்மையிலேயே அந்த நோய் உள்ள ஒருத்திக்குப் புற்றுநோயும் வந்தால் அவளுக்கு ஏன் மருந்து கிடையாது? கஷ்டம் இரண்டாக இருக்கும்போது உதவி எப்படி ஐயா ஒன்றுமே இல்லாமல் போகும்? இதைக் கேட்டதற்கு, குழுவுக்குத்தான் எழுத வேண்டும் என்றார். எழுதிவிட்டேன்.

12. ஆகையால், நான் கொடுத்த இரண்டு வாக்குமூலங்களையும் தள்ளிவைத்துவிட்டு, சேர்க்கை முடிவதற்குள் என் தம்பி மனைவியை மருந்து ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அவள் எப்படிப்பட்டவள் என்று அறிய வேண்டுமானால் அவளையே நேரில் அழைத்து ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். திட்டு வாங்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவானதை அழிக்க முடியாது, கோளாறு என்று கணினியில் ஏறிவிட்டால் அது யார் கணக்கிலாவது நின்றே ஆக வேண்டும் என்பது விதியானால், அதை என் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மறுப்பு இல்லை. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். இந்த முறை கேள்வி முடியும்வரை காத்திருக்கவும் தயார். மருந்து மட்டும் அவளுக்குப் போகட்டும்.

தங்கள் பதிலுக்காக மூன்றாம் மாடியிலேயே உட்கார்ந்திருக்கும்,
நோயாளியின் நாத்தனார்
(கையொப்பம்)

இடம்: மூன்றாம் மாடி, காத்திருப்புக் கூடம்
நாள்: இம்மாதம் இருபத்து நான்காம் தேதி