சோப்புக் கை தட்டி நின்ற இடம்

1931 பிப்ரவரி 7, சனி

லேஸ் பின்னும் எங்கள் ரேந்தைப் பள்ளியில் இன்று அரை நாள். நாற்பத்திரண்டு பெண்கள் பின்னியதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்றில் முடிச்சு, திருப்பிக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும்.

சாயங்காலம் குளிக்கையில் இடது மார்பில், அக்குள் பக்கமாக, சோப்புக் கை எதிலோ தட்டி நின்றது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. அழுத்தினால் நகரவும் இல்லை. என்ன இது?

பிப்ரவரி 8

வலது பக்கமும் தடவினேன். அங்கே இல்லை.

பிப்ரவரி 10

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஊருக்கெல்லாம் ஜெபிக்கிற உபதேசியார், முகம் வெளுத்துவிட்டது.

"வலிக்கா?"

"இல்ல."

"பொறவென்ன? வலி இல்லாததுக்கு ஆசுபத்திரியா? ஜெபிப்போம். ஈஸ்டர் கழியட்டு."

எங்களோடு இருக்கும் நாத்தனார் தங்கபாய், "பால் கட்டுனதா இருக்கும் மைனி, பச்சிலை அரைச்சுப் பத்துப் போடுகேன்" என்றாள். கடைக்குட்டி பால் மறந்து ஒன்பது வருஷம்! இத்தனை நாள் கழித்து எந்தப் பால் கட்டும்?

பிப்ரவரி 13

"பஸ்ஸுல இருந்துக்கிட்டும் ஜெபிக்கலாம்லா?" என்றேன் விடியற்காலையில். அவர் சிரிக்கவில்லை. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

நெய்யூர் மிஷன் ஆசுபத்திரி. நர்சம்மா பக்கத்தில் நிற்க, டாக்டர் துரை விரல்களைத் தட்டையாக வைத்து, வட்டம் வட்டமாக, அக்குள் வரைக்கும் தடவினார்.

"யார் கண்டுபிடித்தது?"

"நான்தான்."

"எத்தனை மாதமாக இருக்கிறது?"

"தட்டுப்பட்டு ஆறு நாள்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். புற்றாக இருக்கலாம், மார்பை எடுத்துவிட வேண்டும், சீக்கிரம் வந்தது நல்லது என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் வீட்டுக்காரர் அழுதார். நான் அழவில்லை. என்றைக்கு வந்து படுக்க வேண்டும் என்று நர்சம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17

நாளைக்கு அறுக்கிறார்கள். பயம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 27

எழுத வலது கை இருக்கிறது. இடது கையைத் தூக்க முடியவில்லை. கட்டு மாற்றும்போது குனிந்து பார்த்துவிட்டேன். அய்யோ, எனக்க உடம்பா இது? அழுதுபோட்டேன். ஒரு தடவைதான்.

அடுத்த கட்டிலில் லீமா. முட்டத்துக்காரி, மீன் விற்பவள், முப்பத்தைந்து வயதுதான். அவளுடைய கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. அறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"ரெண்டு வருசமாட்டுத் தெரியும் அக்கா. நோவு இல்ல. வெக்கத்த விட்டு யாருட்டச் சொல்லுகது?"

என் கட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொறாமை இருந்தது. இதற்கும் பொறாமைப்பட ஒருத்தி.

மார்ச் 9

லீமாவை அழைத்துப்போக அவள் அண்ணன் வந்திருந்தான். போகும்போது என் கையைப் பிடித்தாள். "எல்லாவளுட்டயும் சொல்லுங்க அக்கா. எனக்க பேரச் சொல்லியே சொல்லுங்க."

மே 4

பள்ளிக்குத் திரும்பினேன். கதவைச் சாத்தச் சொல்லி, பெண்களிடம் என் ரவிக்கைக்குள் ஒரு பக்கம் துணிதான் இருக்கிறது என்பதில் ஆரம்பித்தேன். மாதாமாதம் தீட்டு நின்ற பிறகு, குளிக்கும்போது, விரலைத் தட்டையாக வைத்து வட்டமாகத் தடவணும். அக்குளை விடக்கூடாது. வலிக்கவில்லை என்று சும்மா இருக்கக்கூடாது. லீமாவின் கதையை அவள் பேரோடு சொன்னேன்.

பின்வரிசையில் சிரிப்பு. "சிரிங்கட்டி. சிரிச்சுக்கிட்டே பாருங்க" என்றேன்.

ஜூன் 22

பூங்கனிக்குக் கட்டி தட்டுப்பட்டது. பின்வரிசையில் சிரித்தவள்தான். நெய்யூருக்கு அனுப்பினேன். ஊசி குத்தி எடுத்தார்களாம், வெறும் நீர்.

அவள் மாமியார் என் வாசலில் வந்து நின்று கத்தினாள். "ஒனக்கு வந்தா ஊருக்கே வரணுமாட்டி? பிள்ள நாலு நாளாச் சோறு திங்கல்ல!"

திட்டியது நியாயம்தான். பார்க்கச் சொன்னேன்; பயப்படாமல் இருக்கச் சொல்லவில்லை. பெரும்பாலான கட்டி ஒன்றுமில்லாததாகத்தான் இருக்குமாம். விரலுக்குத் தெரிவது கட்டி இருக்கிறது என்பது மட்டும். இன்னது என்று டாக்டர்தான் சொல்லணும். இனி இதையும் சேர்த்துச் சொல்வேன். நிறுத்த மாட்டேன்.

1932 ஜனவரி 3

முட்டத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள் சொன்னாள். லீமா போய்விட்டாள், கிறிஸ்துமசுக்கு முந்தின நாள்.

1936 ஆகஸ்ட் 13, வியாழன்

அறுத்து ஐந்தரை வருஷம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

காலையில் கொட்டாரம் ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மாமியாரும் மருமகளும், முன்பின் பார்த்ததில்லை.

"மாருல கட்டி பாக்கச் சொல்லித் தருத ரேந்தை டீச்சர் வீடு இதானா?"

"நாந்தான். வாங்க, உள்ள வந்து இரிங்க."

"எங்க ஊர்ல இப்பம் எல்லாவளும் பாக்கோம். இவளுக்கு வலப்பக்கம் ஒண்ணு தட்டுப்படுகு. செவ்வாக்கெழம கண்டா. நெய்யூருக்கு எப்பிடிப் போவணும்னு கேக்க வந்தோம்."

"ஊர்ல யாருக்கும் தெரியுமா?"

மருமகள்தான் பதில் சொன்னாள். "எல்லாருக்கும் தெரியும். இதுல ஒளிக்க என்ன இருக்கு டீச்சர்?"

உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார். "பயப்படாண்டாம் மக்கா. சோதிச்சாத்தான் என்னன்னு தெரியும். கஞ்சி குடிச்சிட்டுப் போங்க, எட்டரைக்கு பஸ்ஸு உண்டு."

குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.