அட்டையில என் பேரு இருக்கட்டும்

வடிவுடையம்மன் துணை

மதி அப்பாவுக்கு கெங்கம்மா எழுதறது. தாயி புண்ணியத்துல நான் இங்க நல்லா கீறேன். சக்கர மாத்திரைய வுடாம போடறீங்களா?

நான் டீ போடற துபாய் ஆபீஸ்ல ராயபுரத்துப் பொண்ணு மகிமா கீதில்ல, எந்தக் கம்பெனி யாரோடதுன்னு கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரையறது அதோட வேலை. நேத்து ஒரு பணக்காரக் குடும்பத்த ஒரே கோட்டுக்குள்ள சேத்துது. அந்த வூட்டு அம்மாவ மட்டும் லண்டன் கம்பெனிங்களோட போட்டுகீது.

"இன்னாடி, அந்தம்மாவ மட்டும் பிரிச்சிட்ட?"

"அவங்க லண்டன்ல கீறாங்க ஆண்ட்டி."

"பொழைக்கற எடம் வேற, வூடு வேறடி!"

சிரிச்சிகினே அந்தக் கட்டத்த இழுத்து குடும்பத்தோட வுட்டுது. மாசித் தேருல நீங்க, நான், புள்ளைங்க ரெண்டும்னு நாம நாலு பேரும் ஒரே வடத்தப் புடிச்சது ஞாபகம் வந்து அப்படியே நின்னுட்டேன். அடுப்புல டீ பொங்கி வழிஞ்சிட்ச்சி. யாரும் திட்டல, கவலப்படாதீங்க.

ரேஷன் கடையில கைரேகை வெக்காதவங்க பேர எடுப்பாங்கன்னு போன்ல சொன்னீங்களே, நீங்களா போயி என் பேர எடுத்துடாதீங்க. மாசிக்கு வந்து நானே வெக்கறேன்.

லீவுல வர்ற மகிமா கையில இத்த குடுத்தனுப்பறேன். அது திரும்பும்போது கோயில் குங்குமமும், ரேஷன் அட்டைய ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தும் குடுங்க. அதுல நம்ம நாலு பேரு பேரும் ஒண்ணா கீறத பாக்கணும்.

சார் டீ கேக்கறாரு, போறேன்.

கெங்கம்மா