சுவர் தாங்கும் பதினாறு எழுத்து

மார்ச் 4, செவ்வாய்

ஏணியின் மூன்றாவது படியில் ஒரு கட்டைவிரல் ரேகை. பச்சைப் பெயிண்டில், சுழி சுழியாக. அதைத்தான் முதலில் பார்த்தேன். ஆளைப் பிறகுதான் பார்த்தேன்.

அத்தை தன் நர்சரியின் முன்சுவரில் எழுத ஆள் வைத்திருக்கிறாள். மேலே பெரிதாக நர்சரியின் பெயர். அதன் கீழே நீளமாக ஒரு பட்டை காலியாக இருக்கிறது. அந்தப் பெயிண்டர் எழுதும் முறையே தனி. எழுத வேண்டியதைக் குறித்துக் கொடுத்த சீட்டைப் பார்ப்பதே இல்லை. கீழே ஒருவர் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கோடு உடைந்துவிடுமாம். இன்று அத்தைதான் சொன்னாள், ஏலம் போடுகிற குரலில். நான் பச்சை நிழல் வலைக்குப் பின்னால் நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டே பார்த்தேன். ஒரு வளைவைப் போடும்போது அவர் மூச்சை நிறுத்திக்கொள்கிறார். முடிந்ததும் விடுகிறார். எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. பத்துப் பை நிரப்புகிற நேரத்தில் நான்கு நிரப்பினேன்.

மாலையில் காலிப் பட்டையில் நூல் அடித்துக் கட்டம் போட்டார். "பதினாறு எழுத்து தாங்கும்க்கா. புள்ளி வச்ச எழுத்துக்கும் ஒரு கட்டம். நல்ல வரியா ஒண்ணு குடுங்க, கடைசியா எழுதித் தரேன்." பார்க்கலாம் என்றாள் அத்தை. அடுத்த வியாழன் வரை இங்கேதான் வேலையாம். நடுவில் கேட்டுக்கும் சிமெண்ட் தொட்டிகளுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

நல்ல வரி. பதினாறு எழுத்து. என்னைக் கேட்டால்? என்னை யார் கேட்கப் போகிறார்கள்.

மார்ச் 5, புதன்

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு இடுப்பு விழுந்துபோய் வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, நின்றேன். அதை நினைத்து அழுத காலம் போய்விட்டது. இன்றைக்கு மட்டும் ஆத்திரமாக வந்தது.

காலையில் நாற்றுத் தட்டில் ஒரு முளை, விதைத் தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு நின்றது. வலைக்குள் வெயிலே பச்சையாக இறங்கி என் கையெல்லாம் பச்சை. உள்ளே என்னமோ நிறைந்து தொண்டை வரைக்கும் வருகிறது. சரி என்று பென்சிலை எடுத்தால்? நிலவு. தென்றல். தேன். நான் தேனைப் பார்த்ததே மருந்துக் கடை பாட்டிலில்தான்.

நோட்டோடு என்னைப் பார்த்தால் அத்தைக்குப் பொறுக்காது. அதனால் செடிக்குக் குத்துகிற பிளாஸ்டிக் லேபிளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். செடியின் பெயரையும் பென்சிலில்தான் எழுதுவோம், மழையில் அழியாது. குனிந்து எழுதினால் வேலை செய்வது போலவே இருக்கும். இன்று ஒன்பது லேபிள் வீண். ஒன்றே ஒன்றுதான் பதினாறுக்குச் சரியாக வந்தது: "இலையின் மௌனமே எந்தன் மொழியாகும்."

எந்தன்! நான் எப்போது எந்தன் என்று பேசியிருக்கிறேன்? கட்டத்தை நிரப்ப ஒரு பொய்.

மார்ச் 6, வியாழன்

யாரையாவது கடித்து வைக்கலாம் போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், உடைந்த சட்டிகளைக் குவித்திருக்கும் இடத்தில் ஒரு ரோஜா பூத்திருக்கிறது. விற்காது என்று நானே தூக்கிப் போட்ட குச்சி. வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடித்திருந்தது. ஒரே ஒரு பூ. இரண்டு இதழ் உதிர்ந்து கிடந்தன. அப்படியென்றால் பூத்து மூன்று நாளாவது ஆகியிருக்கும். தினம் ஐந்து தடவை அந்தப் பக்கம் போகிறேன், தெரியவில்லை. பூவின் மேல் கோபம் வந்தது. சொல்லியிருக்கலாமே என்று. அது ஏன் சொல்ல வேண்டும்? அது பாட்டுக்கு இருந்திருக்கிறது. நான்தான்—

வேண்டாம். வரி மட்டும் எழுதுகிறேன்.

பூ கேட்டதில்லை நீ பார்த்தாயா என்று

எண்ணினேன். பதினாறு. விரல் மடக்கி இன்னொரு தடவை எண்ணினேன். பதினாறு. அங்கேயே சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். இது அந்தச் சுவரில் இருக்க வேண்டும். அவர் கையால். இதற்கு முன்னால் எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

மார்ச் 8, சனி

பெயிண்டரை எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே காலை போய்விட்டது. அண்ணா என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு மாதிரி சொல்லத் தைரியம் இல்லை. கடைசியில் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன், கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று. குடித்தார். "தேங்க்ஸ் தங்கச்சி" என்றார்.

தங்கச்சியாம்.

திரும்பி வந்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, மறுபடி போனேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? மறுபடி தண்ணீர். மூன்றாவது தடவை அவரே சிரித்துவிட்டார். "என்னைச் செடின்னு நெனச்சுட்டியா?" என்றார். மூன்று சொம்பு குடித்தார், பாவம்.

அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஊமைக் கோட்டான் ஊத்தறது தண்ணியா, இல்ல வேற எதாவதா?" என்று பூவாளி வாங்க வந்தவரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். நான் உரச் சாக்குகளுக்குப் பின்னால் போய்விட்டேன். எனக்கென்று ஒரு இடம் உண்டு என்றால் அது எதற்காவது பின்னால்தான்.

மார்ச் 10, திங்கள்

சொல்ல வராவிட்டால் என்ன, எழுத வருமே. புது லேபிள் ஒன்றை எடுத்து, முத்து முத்தாக எழுதி, கீழே "சுவருக்கு" என்று போட்டு, அவர் சாப்பிடப் போன நேரம் ஏணிப்படியில் வைத்தேன். வலைக்குப் பின்னால் நின்றேன். நெஞ்சு அடித்த அடியில் வலையே ஆடியிருக்கும்.

வந்தார். லேபிளை எடுத்தார். பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறந்தார். லேபிளை உள்ளே விட்டுக் கலக்கினார்.

கலக்கினார்! மெதுவாக, அடிவரைக்கும், ஒரு ஓரம் விடாமல். பிறகு டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு வேலியோரம் வீசினார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. பழைய லேபிள் குவியலிலிருந்து தினமும் ஒன்று எடுத்துத்தான் கலக்குகிறார். நானே பார்த்திருக்கிறேன். தெரிந்தும் அங்கே கொண்டு வைத்த புத்தியை என்ன சொல்வது?

கேட் முழுக்க என் வரியைக் கலக்கிய பச்சை. நாளை முதல் வருகிறவர்களெல்லாம் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

அத்தைக்கு வரி கிடைத்துவிட்டது. "எல்லா வகைச் செடிகளும் கிடைக்கும்." என்னைப் பிடித்து நிறுத்தி எண்ணச் சொன்னாள். எண்ணினேன். பதினாறேதான். "பாத்தியா, உங்க அத்தை மண்டைல களிமண் இல்லடி" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். இரண்டு நாளாக அவளும் விரல் மடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் அவளைப் பிடித்துக்கூடப் போயிற்று.

வரி எப்படி இருக்கிறது தம்பி என்று அவரைக் கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குப் படிக்கற வழக்கம் இல்லக்கா. படிச்சா கை தடுமாறும். 'ழ' வந்தா அது ஒரு வளைவு, அவ்வளவுதான். என்ன எழுதியிருக்குன்னு போறவன் வர்றவன் படிச்சுக்கட்டும்."

ஒரு வாரமாக நான் மூச்சை நிறுத்திப் பார்த்த கை. அது எதையும் படித்ததே இல்லை. 'கழிவறை' என்று எழுதினாலும் இதே அழகுதான், இதே மூச்சுதான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அப்படியானால் நான் பார்த்தது எது? அழகு அவர் கையில் இருந்ததா, நானே கொண்டுபோய் வைத்ததா?

ஆனாலும் அந்த வளைவு. அதை இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 12, புதன்

ராத்திரி அம்மாவுக்குத் தைலம் தேய்க்கும்போது வரியைச் சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டு. அம்மா திரும்பிப் படுத்திருந்தாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன்.

"யாரு எழுதினது?"

"எங்கியோ படிச்சேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்? பெற்ற பிள்ளையைத் தெருவில் வைத்துக்கொண்டு யாருடையதோ என்று சொன்ன மாதிரி இருந்தது. அம்மா தூங்கிவிட்டாள். எழுப்பி, நான்தான் என்று சொல்லவும் முடியவில்லை. என் வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மார்ச் 13, வியாழன்

அத்தை நாற்று ஏற்றிவரப் போய்விட்டாள். போகும்போது சீட்டை என் கையில் திணித்தாள். "நீ நின்னு சொல்லு. கத்திச் சொல்லணும், அவன் காதுல விழணும். ஒரு எழுத்து விட்டே, வெள்ளையடிக்கற கூலி உன்னுது." நான்கு மணிக்கு வந்துவிடுவாள்.

பெயிண்டர் ஏணியில் ஏறினார். பிரஷை நனைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, "சொல்லு தங்கச்சி" என்றார்.

சீட்டைப் பார்த்தேன். 'எ' என்று இருந்தது. சத்தியமாக அதைத்தான் சொல்லப் போனேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. அவர் திரும்பாமலே, "என்ன, கேக்கலை" என்றார்.

"பூ" என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. வேலியோரம் உட்கார்ந்திருந்த பூனை எழுந்து போயிற்று. அவர் எழுதினார். கோடு எங்கும் உடையவில்லை. "அடுத்து?" கே. "அடுத்து?" ட். ஏழாவது எழுத்துக்குப் பிறகு ஒரு கணம் பிரஷ் நின்றது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். சொல்லிக்கொண்டே போனேன். பதினாறாவது எழுத்தில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இறங்கி வந்து, சாலையின் அந்தப் பக்கம் போய் நின்று சுவரைப் பார்த்தார். எப்போதும் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. உதடு அசைந்தது. பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"இது அத்தை குடுத்த வரி இல்லையே."

"இல்ல."

"யாரு எழுதினது?"

"நான்."

"அவங்க வந்தா என்னைத்தான்மா கிழிப்பாங்க."

"நான்தான் சொன்னேன்னு சொல்லிடறேன்" என்றேன்.

அவர் போய் டப்பாக்களை மூடினார். மணி மூன்றே கால். ஷெட்டுக்குள் இருந்த நாற்காலியைத் தூக்கிவந்து, சுவருக்கு எதிரே, வெயிலிலேயே போட்டு உட்கார்ந்தேன்.