ஜப்பான் கடைத் துவையல்

பிஸ்கட்டவே,
16-10-1987

அன்புள்ள ஞானமணிக்கு,

"அழுதீங்களா?" என்று போனில் கேட்டாய். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

நம் மகன் அடக்கம் முடிந்து இன்று நான்காம் நாள். அவன் வெள்ளிதோறும் சாப்பிட்ட ஜப்பான் கடைக்கு அவன் சிநேகிதன் ரூஃபஸ் என்னை மதியம் அழைத்துப் போனான். ஆறு மேஜைதான். நான்கு டாலருக்கு அருமையான சாப்பாடு. குழந்தைக்குச் சால்வை போர்த்தியதுபோல் சோற்றுருண்டைமேல் பச்சைமீன் துண்டு, கவிச்சியே இல்லை. நாக்குக்கு ருசித்தது, மனதுக்கு எட்டவில்லை.

தட்டோரம் இருந்த பச்சை விழுதைக் கொத்தமல்லித் துவையல் என்று நினைத்து மொத்தமாக வாயில் போட்டேன்.

"ஐயோ அங்கிள், அது பயங்கரக் காரம்!" என்ற ரூஃபஸ், "அவனும் ஃபர்ஸ்ட் டே இதேதான் பண்ணான்" என்று சிரித்தான்.

கண்ணில் நீர் கொட்டியது. காரம் தணிந்த பிறகும் நிற்கவில்லை. நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

உன் வாத்தியார்