முகப்பிலுள்ள என் மகள் படத்தை எடுத்துவைப்பது குறித்து

அனுப்புநர்:
வெர்லீன் ஜிம்,
பழக்கிடங்குத் தொழிலாளி,
வாப்பட்டோ, வாஷிங்டன் மாநிலம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
சேஜ்ஹில் பல்கலைக்கழகம்.

பொருள்: மாணவர் இதழின் வசந்தகால வெளியீட்டைத் திரும்பப் பெறுதல், காலியாக உள்ள ஒரு வேலைக்கு ஆள் அமர்த்துதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

2. தங்கள் மாணவர் இதழில் என் மகள் மூன்று ஆண்டு வேலை பார்த்தாள். எங்கள் யாக்கமா பழங்குடி மக்களைப் பற்றி எதை அச்சடிப்பதானாலும், முதலில் உரியவர் வீட்டுக்குப் போய், உரக்கப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கி வருவது அவள் பொறுப்பு. ஒரே ஒரு பத்திக்காக ஒயிட் ஸ்வான் ஊருக்கு நாலு தடவை போனாள். "திரும்பத் திரும்ப வர்றியே, என் சால்மன் கருவாட்டு மேல கண்ணா?" என்று அந்த வீட்டுக்காரர் கேலி செய்தாராம்.

3. கடந்த பிப்ரவரி ஒன்பதாம் தேதி, பனி உறைந்த சாலையில் கார் கவிழ்ந்து அவள் இறந்துபோனாள். எங்களில் ஒருவர் போய்விட்டால், ஓராண்டுக்கு அவர் படத்தை எடுத்து வைத்துவிடுவோம். பெயரையும் சொல்ல மாட்டோம். நினைவு விருந்து அன்றுதான் படம் வெளியே வரும். வீட்டுச் சுவரில் இருந்த பதினோரு படங்களையும் நானே கழற்றிப் போர்வையில் சுற்றி வைத்தேன். அதைச் செய்த கைதான் இதை எழுதுகிறது.

4. போன வாரம் கிடங்கில் சாப்பாட்டு மேசைமேல் தங்கள் இதழ் கிடந்தது. முகப்பு முழுக்க என் மகள். கீழே பெரிய எழுத்தில் பெயர். உள்ளே முதல் பக்கத்தில், இந்த நிலத்தின் பூர்வகுடி மக்களை மதிக்கிறோம் என்ற அறிவிப்பு. அதை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

5. என் அக்கா லவோன் மளிகைக் கடைக்குப் போய், அங்கிருந்த இதழ்களை எல்லாம் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "என்னம்மா பண்றீங்க?" என்றானாம் காவலாளி. "வெயில் படுதுப்பா, வெளுத்துப்போயிரும்" என்றாளாம். ஊரிலுள்ள எல்லாக் கடைக்கும் அவளால் போக முடியாது.

6. இதழாசிரியர் பிரிஜிட் என்னும் மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன். "கௌரவப்படுத்தத்தாம்மா போட்டோம்" என்று அழுதாள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றேன். "வீட்டுக்குப் போய்க் கேக்குறது உங்க மக வேலைம்மா. எங்களுக்கு யார் வீடும் தெரியாது" என்றாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வேலைக்கு வேறு ஆள் போடாதது நீங்கள்.

7. ஆகவே, மீதியுள்ள இதழ்களை வெள்ளிக்கிழமைக்குள் திரும்பப் பெற்று, பெட்டியில் கட்டி வைக்க வேண்டும். இணையத்திலும் அந்தப் படம் இருக்கக் கூடாது. தாமதமானால், எங்கள் பழங்குடி மன்றத்தாரோடு நேரில் வந்து கேட்பேன்.

8. அவள் வேலைக்கு ஓர் ஆளை அமர்த்துங்கள். ஓராண்டு நினைவு விருந்து முடிந்த பிறகு, நீங்கள் அவளைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொண்டு அந்த ஆள் என் வீட்டுக்கு வரட்டும். உரக்கப் படிக்கட்டும். முதல் தடவையிலேயே சரியென்று சொல்லிவிட மாட்டேன். சலிக்காமல் வருகிறவராகப் பார்த்து அனுப்புங்கள்.

இவ்வாறு கேட்டுக்கொள்ளும்,
(கையொப்பம்)
வெர்லீன் ஜிம்

இடம்: வாப்பட்டோ
நாள்: மே 27