மெல்பேர்ன்வரை ஓடாத கார்

அன்புள்ள பிள்ளையின் அம்மாவுக்கு,

நீர் போன் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். கார் விஷயம் மட்டும்தான், பயப்படாதேயும்.

எங்கள் பழைய கார் இனி அதிக நாள் ஓடாது. டூங்கபியிலிருந்து வேலைக்குப் போய்வர, மலிவு விலையில் ஒரு மின்சாரக் கார் பார்த்தேன். பெற்றோல் வேண்டாம், ஒயில் மாற்றத் தேவையில்லை, வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் போடலாம். சத்தமே இல்லை. எங்கள் நிஷானி பின்சீற்றில் நன்றாக நித்திரை கொள்வாள் என்று நினைத்தேன். பிறகுதான் அவள் உம்மோடு மெல்பேர்னில், டார்னெய்ட்டில் உம்முடைய தங்கச்சி வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது.

ஓட்டிப் பார்க்க, என்னோடு வேலை செய்யும் யசோதரனையும் கூட்டிப் போனேன். ஒருமுறை சார்ஜ் போட்டால் நூற்றிருபது கிலோமீற்றர் ஓடும் என்றார் விற்பவர்.

"நூற்றிருபது காணும் அண்ணை," என்றான் யசோதரன். "வேலையும் வீடும்தானே. வேற எங்க போகப்போறியள்?"

நீர் பிள்ளையோடு போய்விட்டது தெரியாமல்தான் அவன் கேட்டான். மெல்பேர்ன் இங்கிருந்து தொள்ளாயிரம் கிலோமீற்றர். மெல்பேர்ன்வரை ஓடாத காரை வாங்கினால், நீங்கள் இருவரும் எனக்கு இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கார்த் திறப்பை விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பழைய காருக்கு றேடியேற்றர் மாற்றியிருக்கிறேன். சனிக்கிழமை விடிய அதில் அங்கே வர வெளிக்கிடுகிறேன். உம்முடைய தங்கச்சி உள்ளே விடாவிட்டால் பரவாயில்லை, றோட்டில் காருக்குள்ளேயே இருப்பேன். பிள்ளையை ஒருமுறை கார் யன்னலடிக்குக் கொண்டுவாரும்.

அதுவும் முடியாது என்றால், இப்போது சொல்லாதேயும். நான் வந்து சேர்ந்த பிறகு சொல்லும்.

என்றும் உம்முடைய,
பிள்ளையின் அப்பா